ஜப்தி செய்யத் தக்கவை

ஐப்பசி ஏழாம் தேதி, பகல் பதினொன்றரை.
பட்டமங்கலத் தெருவில் கணுக்கால் வரை மழைத்தண்ணீர்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
கோர்ட்டு முத்திரை நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு
அபயாம்பாள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மானநஷ்ட வழக்கு. நான்கு லட்சத்து இருபதாயிரம்,
செலவுத்தொகை தனி.
வாதி, மணல் குவாரிக்காரர்.
பிரதிவாதி, பத்திரிகைக்காரி, வயது அறுபத்தெட்டு.
யார் பக்கம் என்று யாரும் அமீனாவைக் கேட்பதில்லை.

"தூக்கிட்டுப் போக ஆள் வரலையா?" என்றார்.
இரண்டு நாற்காலி. வாடகை மின்விசிறி.
கட்டில்மேல் கட்டுக்கட்டாய்ப் பழைய பேப்பர்.
பிறகு அந்தக் கண்ணாடி அலமாரி.

கேடயங்கள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தபடி.
கடைத்தெருவில் நூற்றைம்பதுக்குக் கிடைக்கும் மரமும்
பொன்முலாம் பூசிய பிளாஸ்டிக் இறகும்.
தங்கம் என்று பொறித்த பதக்கத்தை உரைகல்லில் தேய்த்தேன்.
பித்தளை.
"கொடுத்த அன்னைக்கே தெரியும்,
மேடையில சொல்ல மனசு வரல."

கொள்ளிடம் குழிந்ததை எழுதியதற்காக
விவசாயிகள் சங்கம் கொடுத்த கேடயம் நடுவில் இருந்தது.
மூன்றாம் வருஷம் அதே சங்கம்
துலாக்கட்டத்து வாசலில் இவர் உருவத்தைக் கொளுத்தியது.
சங்கத்துக் கணக்கையும் இவர் எழுதிவிட்டாராம்.
கேடயத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்ததாம்.
"வாங்கினது வாங்கினதுதான், போங்கன்னுட்டேன்."

கீழ்த்தட்டில் பஞ்சுக்குள்
செங்கல் துண்டு ஒன்று.
பக்கத்தில், காய்ந்து சுருண்ட செருப்பு மாலை.
"இதையும் எழுதிக்கங்க."
"இதுக்கு விலை இல்லையேம்மா."
"மேல இருக்கிறதுக்கு மட்டும் இருக்கா?"

இருந்தது. ஒன்றே ஒன்றுக்கு.
டெல்லியில் கொடுத்த வெள்ளித்தட்டு.
தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.
கல்லும் வெள்ளி என்றே சொன்னது.
'இரவு லாரிகள்' என்ற புத்தகத்துக்காக.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எனக்கு மனப்பாடம்.
"கீழப்படுகையில் திருடாத கை ஒன்றுகூட இல்லை."
நான் கீழப்படுகை.
என் அண்ணன் ராத்திரிக்கு முந்நூறு ரூபாய்க்கு
ஸ்டியரிங் பிடித்தவன்.
குவாரிக்காரர் காரில் கோர்ட்டுக்கு வந்தார், ஜெயித்தார்.
எங்களுக்கும் மானம் இருந்தது,
நஷ்டத்தை நிரூபிக்க வக்கீல் ஃபீஸ்தான் இல்லை.

சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது, உத்தியோகம்.
அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.
"அந்த வரி தப்புன்னு அப்பவே
ஒருத்தரும் சொல்லலையே."

"சொன்னோம்" என்றேன்.
செங்கல்லைப் புரட்டிக் காட்டினேன்.
அடியில் 'கோ.மு.'
எங்கள் வீட்டுக்குப் பின்னால் புகைகிற சூளை.
எறிந்தது யார் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மகஜரில் கையெழுத்துக் கேட்டேன்.
முதலில் படித்தார், பேனாவை வாங்கி
'வெள்ளிதட்டு' என்று நான் எழுதிய இடத்தில்
விட்டுப்போன 'த்'தைச் செருகினார்.
பிறகு கையெழுத்து.
செங்கல் துண்டு, ஒன்று. மதிப்பு,
அந்தக் கட்டத்தை இருவருமே காலியாக விட்டோம்.

தெருவில் தண்ணீர் இப்போது முழங்காலுக்கு ஏறியிருந்தது.
தட்டைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்து நடந்தேன்.
புத்தகம் வந்த தை மாதம்
தங்கை நிச்சயத்தில் வைத்த தாம்பூலத்தட்டு
வெற்றிலை வாடுமுன்பே எங்கள் வீட்டுக்குத் திரும்பிவந்தது.
ஏறக்குறைய இதே அகலம்.
அது எவர்சில்வர்.